வீராசாமி டாக்டரைக் கோமாளி ஆக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாவல்களில் வரும் தனிமைப்பட்ட மனிதர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரைக்கு இது மறுமொழி. கட்டுரையாளர் அமெரிக்கப் பண்ணையின் குரூக்ஸுக்கு மூன்று பத்தி கொடுத்திருக்கிறார். பர்மாவில் வாழ்ந்ததாக எழுதப்பட்ட டாக்டர் வீராசாமிக்குக் கிடைத்தது ஒரு வரி: வெள்ளைக்காரனுக்கு வால் பிடிக்கும் வேடிக்கை டாக்டர். அதோடு விடாமல், ஜார்ஜ் ஆர்வெல்லின் 'பர்மீஸ் டேஸ்' நாவலைத் தமிழில் சுருக்கி ஊர் மன்றங்களில் நாடகமாக வாசிக்கலாம் என்றும் சொல்லி முடித்திருந்தார். யோசனை நல்ல யோசனை. ஆனால் அந்த ஒரு வரிப் பார்வையோடு மேடையேற்றினால் சபை சிரிக்கும், புத்தகம் கெடும். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம், பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் குரூக்ஸ். வீராசாமியிடம் போவதற்கு அந்த வழி உதவும். ஸ்டைன்பெக் 1937இல் வெளியிட்ட 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' குறுநாவலில், கலிஃபோர்னியாவின் சோலடாட் ஊர்ப் பக்கத்துப் பண்ணையில் வேலை செய்யும் ஒரே கறுப்பினத்தவர் அவர். கட்டுரை சொல்வதுபோல் அவர் குதிரைகளோடு லாயத்தில் படுப்பதில்லை. லாயத்துச் சுவரை ஒட்டி இறக்கிய சேண அறை அவருடையது. வைக்கோல் நிரப்பிய நீளப் பெட்டிதான் படுக்கை. சன்னலுக்கு வெளியே சாணக் குவியல். 'குரூக்ஸ்' என்பதே பட்டப்பெயர். குதிரை உதைத்து முதுகு வளைந்துபோனதால் வந்தது, நம் ஊரில் 'கூனன்' என்று கூப்பிடுவதுபோல. பெற்றவர்கள் வைத்த பெயர் கதையில் எங்கும் இல்லை. பகலில் மற்றவர்களோடு லாடம் எறிந்து விளையாடலாம். இருட்டிவிட்டால் அவர்கள் தங்கும் கொட்டகைக்குள் கால் வைக்கக் கூடாது. அறையில் நைந்துபோன அகராதி ஒன்றும், 1905ஆம் ஆண்டுக் கலிஃபோர்னியா சிவில் சட்டப் புத்தகம் ஒன்றும் இருக்கின்றன. அந்தச் சட்டப் புத்தகத்தைக் கட்டுரையாளர் விட்டுவிட்டது பெரிய குறை.

ஏன் பெரிய குறை என்றால், சனிக்கிழமை இரவு நடக்கும் அந்த நான்காம் பகுதியில் சட்டம் தெரிந்த அந்த மனிதருக்குச் சட்டம் ஒரு காசுக்கும் உதவவில்லை. மற்றவர்கள் டவுனுக்குப் போய்விட்டார்கள். மனவளர்ச்சி குன்றிய கூலியாள் லென்னி வருகிறான், பிறகு அதே பண்ணையில் வேலை செய்யும் கிழவர் கேண்டி வருகிறார். சொந்தமாக நிலம் வாங்கப் போகிறோம் என்கிறார்கள். முதலில் கேலி செய்த குரூக்ஸ் மெல்ல இளகி, எனக்குச் சம்பளம்கூட வேண்டாம், சோறு போட்டால் போதும், நானும் வந்து உழைக்கிறேன் என்கிறார். பின்னாலேயே முதலாளி மகனின் மனைவி வந்து நிற்கிறாள். இது என் அறை, வெளியே போங்கள் என்று குரூக்ஸ் சட்டம் பேசியதும், நான் ஒரு வார்த்தை சொன்னால் உன்னை மரத்தில் தொங்கவிடுவார்கள் என்று மிரட்டுகிறாள். எல்லாரும் கிளம்பும் நேரத்தில் குரூக்ஸ் கேண்டியைக் கூப்பிட்டு, நான் சொன்னதை மறந்துவிடு, சும்மா சொன்னேன் என்கிறார். பிறகு சட்டையைத் தூக்கி முதுகுக்குத் தைலம் தேய்க்க உட்கார்ந்துவிடுகிறார்.

ஒரு கதையில் எத்தனை வசைச்சொல் வருகிறது என்று எண்ணுவது எளிது. கட்டுரையாளர் எண்ணியிருக்கிறார். எங்களுக்கு அதைவிட உதவுகிற கணக்கு ஒன்று உண்டு: ஒதுக்கப்பட்டவர் தன் ஆசையிலிருந்து தானே எவ்வளவு கழித்துக்கொள்கிறார்? குரூக்ஸ் முதலில் கூலியைக் கழித்தார், அப்புறம் ஆசையையே கழித்தார். வீராசாமி இன்னும் ஒரு படி மேலே. ஐரோப்பியர் கிளப்பில் தன்னை உறுப்பினராக்க வேண்டும் என்று தன் நண்பனான வெள்ளைக்கார மரவியாபாரி ஃப்ளோரியிடம் கேட்கிறார். கேட்கும்போதே, உறுப்பினரானாலும் நான் கிளப் பக்கம் வரவே மாட்டேன், சந்தா மட்டும் கட்டிவிடுகிறேன், அதுவே எனக்குப் பெரிய பேறு என்கிறார். அதாவது கழித்துவிட்டுத்தான் கேட்கிறார். இந்த இடத்தை எப்படி வாசிப்பது என்று தெரிந்துவிட்டால் டாக்டர் பாத்திரம் கைக்குள் வந்துவிடும். தெரியாதவர்கள் இங்கே கூழைக்கும்பிடு போட்டுச் சிரிப்பு வாங்குவார்கள்.

நாவலின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஆர்வெல் 1922 முதல் 1927 வரை பர்மாவில் போலீஸ் அதிகாரியாக இருந்தார். கடைசி வேலை கதா ஊரில். மாண்டலேக்கு வடக்கே, ஐராவதிக் கரையில் இருக்கும் அந்த ஊர்தான் நாவலில் 'சௌத்தடா' ஆகியிருக்கிறது. இந்தப் பெயரில் ரங்கூன் நடுவில் ஒரு பேட்டையே இருப்பதால் இங்குள்ளவர்கள் குழம்புவதுண்டு. பெயரை மட்டும்தான் எடுத்துக்கொண்டார், இடம் அதுவல்ல. பர்மிய மொழியில் 'கல் பாலம்' என்று பொருள். கட்டுரையில் அச்சாகியிருக்கும் 'கியௌக்டாடா', 'யூ போ கியின்' இரண்டும் ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படித்தவை. ஆங்கிலத்தில் 'கேஒய்' என்று எழுதினால் பர்மியர் வாயில் அது 'ச' அல்லது 'ஜ'. முன்னால் நிற்பது 'ஊ'. ஆக, டாக்டருக்குக் குழி பறிக்கும் பர்மிய அதிகாரியின் பெயர் ஊ போ சின். 'ஊ' பெரியவர்களுக்கு, 'கோ' அண்ணன் முறைக்கு, 'மா' அக்கா தங்கை முறைக்கு. ஃப்ளோரியின் வைப்பாட்டி மா லா மேயை 'அம்மா லா மே' என்று யாராவது தமிழ்ப்படுத்திவிடுவதற்கு முன் சொல்லிவைக்கிறோம்.

டாக்டரின் பெயருக்கு நேர்ந்த கதை தமிழ்க் காதுக்குத்தான் முழுதாகப் புரியும். நாவல் முதலில் 1934இல் நியூயார்க்கில் வந்தது. லண்டன் பதிப்பாளர் அவதூறு வழக்குக்குப் பயந்தார். உண்மையிலேயே அந்தப் பெயரில் யாராவது உத்தியோகத்தில் இருந்து வழக்குப் போட்டுவிட்டால்? ஆகவே 1935 லண்டன் பதிப்பில் பெயர்களை மாற்றினார்கள். வீராசாமி, மூர்க்கசாமி ஆனார். அவர்களுக்கு எல்லாம் ஒரே மாதிரி தென்னிந்தியச் சத்தம். நமக்கோ, நாவலிலேயே ஆகச் சாதுவான மனிதருக்கு மூர்க்கன் என்று பெயர். 1944 பெங்குவின் பதிப்பில் பழைய பெயர் திரும்பி வந்தது. பழைய புத்தகக் கடையில் 'மூர்க்கசாமி' உள்ள பிரதி கிடைத்தால் வேறு நாவல் என்று நினைத்துவிட வேண்டாம். மேடைக்கு அந்தப் பிரதியைப் பயன்படுத்தவும் வேண்டாம்.

இனி டாக்டருக்கு கிளப் ஏன் தேவைப்பட்டது என்பது. 'வெள்ளைக்கார மோகம்' என்று கட்டுரை ஒரே சொல்லில் முடித்துவிட்டது. மோகம் இல்லை என்று சொல்லமாட்டோம். ஆனால் காரணம் உத்தியோகத்தின் அமைப்பில் இருக்கிறது. வீராசாமி சிவில் சர்ஜன், கூடவே சிறைச்சாலை சூப்பரின்டென்டென்ட். சப் அசிஸ்டென்ட் சர்ஜன், அதற்கு மேல் அசிஸ்டென்ட் சர்ஜன், அதற்கும் மேல் சிவில் சர்ஜன். இந்தியர் ஒருவருக்கு அந்த நாளில் அது உயரமான படி. அதனாலேயே வழுக்கும் படி. ஊ போ சின் சப்டிவிஷனல் மாஜிஸ்திரேட். அவனுடைய ஆயுதம் மொட்டைக் கடிதம். டாக்டர் ராஜத்துரோகி, கைதியைத் தப்பவிட்டவர் என்று கதை கட்டுகிறான். அவற்றை யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. மேலதிகாரியான துரை மனத்தில் 'இந்த ஆள் சரியில்லையோ' என்ற எண்ணம் விழுந்தால் போதும். அந்த எண்ணத்தைத் தடுக்கும் ஒரே வேலி, துரைமார் நடுவே பெயர் இருப்பது. கிளப் உறுப்பினர் மீது மொட்டைக் கடிதம் ஒட்டாது. இது டாக்டருக்குத் தெரியும். ஊ போ சின்னுக்கும் தெரியும். அந்த ஒற்றை இடத்தை அவனும் குறிவைத்திருக்கிறான்.

ஊரின் கணக்கையும் மேடையில் எப்படியாவது சொல்லிவிட வேண்டும். சௌத்தடாவில் ஏறக்குறைய 4,000 பேர். அதில் இருநூறு போல இந்தியர், சில பத்துச் சீனர், ஐரோப்பியர் 7 பேர். அந்த ஏழு பேர் கிளப்பில் ஒரு 'நேட்டிவை' சேர்த்துக்கொள்ளச் சொல்லி மேலிருந்து வற்புறுத்தல் வருகிறது. அறிவிப்பு பலகையில் ஏறுகிறது. வெள்ளைப் பந்து, கறுப்புப் பந்து போட்டு ஓட்டெடுக்கும் முறை. கறுப்புப் பந்து விழுந்தால் ஆள் இல்லை. ஏழு பேரில் எல்லிஸ் என்கிற ஒருவனுடைய வாய்க்குப் பயந்து, டாக்டரின் ஒரே நண்பனான ஃப்ளோரியே நண்பனை இழிவுபடுத்தும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறான். போட்டபின் வெட்கப்படுகிறான்.

தனிமை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்திருந்தால் கதை எளிது. கிளப்பில் டாக்டர் 'நேட்டிவ்'. பர்மியர் கண்ணில் அவர் மண்ணின் ஆள் இல்லை, 'கலா'; இந்தியரை இளக்காரமாகக் குறிக்கும் சொல் அது. அந்தச் சொல்லின் கனம் என்ன என்று பர்மாவில் வளர்ந்த தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. மூன்றாவது பக்கம் ஒன்று உண்டு, அதைத்தான் யாரும் பேசுவதில்லை: அந்த இருநூறு இந்தியர். நாவலில் அவர் மனம் விட்டுப் பேசுவது ஃப்ளோரியோடு மட்டுமே. கூலிக்கும் சமையல்காரருக்கும் அவர் பெரிய அதிகாரி. அதே டாக்டர் ரங்கூனில் வேலை பார்த்திருந்தால்? 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர். தெருவுக்கு இரண்டு தமிழ் டாக்டர், கோயில், செட்டியார் கிட்டங்கி, படிக்கப் பத்திரிகை என்று நாள் ஓடியிருக்கும். வட பர்மாவின் சின்ன ஊரில் உத்தியோகம் பார்த்தவரின் தனிமை வேறு ரகம். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் 'நாட்டைப் பிரிந்த தமிழரின் ஏக்கம்' என்று பொதுவாக இழுத்தால் பாத்திரம் கைநழுவிப் போகும். சொல்லப்போனால் அவர் தமிழரா தெலுங்கரா என்பதைப் பெயரை வைத்துத் தீர்மானிக்க முடியாது. வீராசாமிகள் இரு பக்கமும் உண்டு.

மொழிபெயர்ப்பில்தான் சிக்கல் அதிகம். அதற்கு வருகிறோம்.

ஆங்கிலத்தில் 'யூ' ஒன்றுதான். தமிழில் நீ, நீங்கள், தாங்கள் என்று மூன்று படி. வினைமுற்றிலும் மரியாதை ஏறி இறங்கும். இருவரும் 'நீங்கள்' என்று பேசினால் ஏற்றத்தாழ்வு மறைந்துவிடும். ஃப்ளோரியை 'நீ' போட வைத்தால் நட்பு மறைந்துவிடும். எங்கள் கணிப்பு இது: டாக்டர் வீட்டு வராந்தாவில் ஃப்ளோரி 'நீங்கள்' என்றே பேசட்டும். கிளப்பில் எல்லிஸ் முன்னால் டாக்டரைப் பற்றிப் பேச்சு வரும்போது ஃப்ளோரியின் வாயில் 'சொன்னார்' என்பது 'சொன்னான்' ஆகட்டும். எழுத்தில் மாறுவது 'ர்' ஒன்றுதான். அவன் கோழைத்தனம் முழுக்க அதில் வந்துவிடும். ஆங்கில மூலத்தால் செய்ய முடியாததைத் தமிழ் செய்யும். டாக்டர் மட்டும் எப்போதும் 'நீங்கள்', 'நண்பரே' என்ற அளவிலேயே நிற்க வேண்டும். 'துரை' என்ற சொல் அவர் வாயில் வரவே கூடாது. வந்தால் வால் பிடிப்பவர் என்ற கட்டுரையாளரின் தீர்ப்பை நாமே எழுதிக் கொடுத்ததாகும்.

டாக்டரின் உச்சரிப்பை ஆர்வெல் அடிக்கடி குறிக்கிறார். 'ஸ்' ஒலி பாம்பு சீறுவதுபோல் நீளும் என்று எழுத்தை இரட்டித்துக் காட்டுவார். அதைத் தமிழில் அப்படியே செய்தால் நம் பழைய சினிமா நகைச்சுவை நடிகர் குரல்தான் வரும். விட்டுவிடுங்கள். அவர் இங்கிலீஷ் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்: எமர்சன், கார்லைல், ஸ்டீவன்சன் வகைக் கட்டுரைப் புத்தகங்கள் நிறைந்த அலமாரி அவருடையது, நீதி சொல்லும் புத்தகங்களில் அவருக்கு விருப்பம். ஆக, தமிழில் அவருக்கு மேடைத் தமிழ் கொடுங்கள். வாக்கியம் முழுதாக முடிய வேண்டும், சந்தி பிசகக் கூடாது, உவமை ஒன்று அதிகமாகவே இருக்கலாம். ஃப்ளோரி பேச்சுத் தமிழில் பேச, டாக்டர் புத்தகத் தமிழில் பதில் சொன்னால், மொழியைக் கற்றவனுக்கும் மொழிக்குப் பிறந்தவனுக்கும் உள்ள தூரம் காதில் விழும். அப்போதும் சிரிப்பு வரும். அது இளக்காரச் சிரிப்பாக இருக்காது.

கிளப் பட்லர் காட்சியைத் தவறாமல் சேர்க்க வேண்டும். அவரும் தென்னிந்தியர்தான், நாவல் 'திராவிடர்' என்றே சொல்கிறது. ஐஸ் கரையாமல் காப்பது கடினமாக இருக்கிறது என்று ஒழுங்கான இங்கிலீஷில் சொல்கிறார். எல்லிஸ் சீறுகிறான்: அகராதியை விழுங்கினாயா, அரைகுறையாகப் பேசு, இப்படி நன்றாகப் பேசினால் உன்னை வேலையிலிருந்து தூக்கிவிட வேண்டியதுதான் என்கிறான். 'பட்லர் இங்கிலீஷ்' என்று நாமே தலைமுறை தலைமுறையாகக் கேலி பேசியிருக்கிறோம். அந்த அரைகுறைப் பேச்சு கற்றுக்கொள்ள முடியாததால் வந்ததா, கற்றுக்கொண்டால் பிழைப்புப் போகும் என்பதால் வந்ததா என்ற கேள்வி இந்த அரைப் பக்கத்தில் இருக்கிறது. பட்லருக்குத் திருத்தமான தமிழ் கொடுத்து, எல்லிஸ் பேசச் சொல்லிக் காட்டும் வரிக்கு உடைந்த தமிழ் கொடுங்கள். பல குழுக்கள் பட்லரையே கொச்சை பேச வைத்துவிடும். அப்போது எல்லிஸ் ஏன் கோபப்படுகிறான் என்றே சபைக்குப் புரியாது. (பட்லரின் கண்ணை நாயின் கண்ணுக்கு ஒப்பிடுகிறார் ஆர்வெல். ஏகாதிபத்தியத்தை வெறுத்தவரின் பேனாவிலும் இது நுழைந்துவிட்டது. வர்ணனைப் பகுதியில் இதை வாசிப்பதா விடுவதா என்பதை அந்தந்தக் குழு முடிவு செய்யலாம். எங்களைக் கேட்டால் வாசிக்க வேண்டும்.)

அடுத்து, வசைச்சொல். எல்லிஸ் வாயைத் திறந்தால் 'நிக்கர்' என்கிறான். 'கருப்பன்' என்று தமிழ்ப்படுத்துவது வழக்கம். அது பலிக்காது. கருப்பன் நமக்குக் காவல் தெய்வத்தின் பெயர், பிள்ளைக்கு வைக்கும் பெயர், செல்லமாகக் கூப்பிடும் பெயர். அடி விழாது, தடவிக்கொடுத்ததுபோல் இருக்கும். சாதி வசைகளில் ஒன்றை எடுத்துப் போடுவது இன்னும் மோசம்; சபையின் கோபம் வேறு திசையில் போய்விடும். மூலச்சொல்லை அப்படியே தமிழ் எழுத்தில் வைத்துவிடுங்கள், எண்ணிக்கையை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு காட்சியில் மூன்று முறை வந்தால் குத்தும். பதினைந்து முறை வந்தால் காது மரத்துவிடும். டாக்டர் பெயரைத் திரித்து எல்லிஸ் சொல்லும் 'வெரி ஸ்லைமி' என்ற நக்கலுக்கு 'வழுக்குச்சாமி' ஓரளவு பொருந்தும். அதைவிட நல்லது தோன்றினால் போட்டுக்கொள்ளலாம்.

உடை பற்றி நிறைய சொல்ல வேண்டாம். சரியாகத் தைக்காத வெள்ளை டிரில் கோட்டும், ஆர்மோனியத் துருத்திபோல் மடிந்து விழும் கால்சட்டையும், கனத்த கறுப்பு பூட்ஸும், ஸ்டீல் விளிம்புக் கண்ணாடியும் போதும். வேட்டி கட்டி விபூதி பூசி அனுப்பினால் நம் சபைக்கு இனிக்கும். ஆனால் வெள்ளை கோட்டுக்குள் வியர்க்கும் மனிதரை இழந்துவிடுவோம். முகத்தில் மை பூசவே வேண்டாம். நீளக் கை வைத்த பிரம்பு நாற்காலி இரண்டு தேவை. நாவலில் அவை சிறையில் செய்யப்பட்டவை. நட்பு உட்கார்ந்து பேசுகிற நாற்காலியே கைதிகள் கையால் செய்தது என்பதை அறிவிப்பாளர் ஒரு வரியில் சொல்லலாம்.

வாசிப்பு ஒரு மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும் என்றால் நான்கு துண்டுகள் போதும். இரண்டாம் அத்தியாயத்துக் கிளப் காலையையும் மூன்றாம் அத்தியாயத்து வராந்தாவையும் இடைவேளை இல்லாமல் அடுத்தடுத்து வாசியுங்கள். இரண்டும் ஒரே காலையில் நடப்பவை. ஃப்ளோரி கிளப்பில் எல்லிஸிடம் வசை கேட்டுவிட்டு அந்தச் சூடு ஆறாமல் இங்கே வந்து வெள்ளையர் ஆட்சியைத் திட்டுகிறான். டாக்டர் அதே ஆட்சியைத் தூக்கிப் பிடிக்கிறார். நடுவே டீ கொடுக்க நிறுத்தினால் இந்த முரண் விழாது. வராந்தாவுக்கே அதிக நேரம், இருபது நிமிடமாவது, கொடுக்க வேண்டும். டாக்டர் வாதாடும்போது அவருக்கு இந்த விவாதம் எவ்வளவு சந்தோஷம் தருகிறது என்பது தெரிய வேண்டும். ஒரு வாரம் முழுக்கப் பேச ஆள் இல்லாமல் இருந்தவர் பேசுகிற பேச்சு அது. அரசியல் கருத்தாக மட்டும் வாசித்தால் துரோகிபோல் கேட்கும். மூன்றாவது துண்டு, சந்தா கட்டுகிறேன், வரமாட்டேன் என்னும் இடம். அதைத் தாழ்ந்த குரலில், வேகமாக, ஏற்கெனவே பலமுறை மனத்துக்குள் ஒத்திகை பார்த்தவர்போல் சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்ற வேண்டும். கைகூப்பல் கிடையாது.

நான்காவது துண்டுக்கு வருமுன் கதை வேகமாக ஓடிவிடும்: கலவரத்தில் ஃப்ளோரி பெயர் வாங்குகிறான், டாக்டருக்கு இடம் உறுதிபோலத் தெரிகிறது, ஊ போ சின் ஏவிவிட்டு மா லா மே மாதா கோயிலில் வந்து கத்துகிறாள், ஃப்ளோரி மணக்க விரும்பிய எலிசபெத் அவனை உதறுகிறாள், அவன் தன் நாயையும் தன்னையும் சுட்டுக்கொள்கிறான். இதை அறிவிப்பாளர் இரண்டு நிமிடத்தில் சொல்லிக் கடக்க வேண்டும். இங்கே துப்பாக்கிச் சத்தம், அழுகை, வயலின் என்று இறங்கினால் நாடகம் ஃப்ளோரியுடையதாகிவிடும். நிறுத்த வேண்டிய இடம் ஒன்றே: பிணத்தைப் பார்க்க வரும் டாக்டர், வேலைக்காரனிடம் இது விபத்து, துப்பாக்கியைத் துடைக்கும்போது வெடித்துவிட்டது என்று சொல்லச் சொல்கிறார். நேர்மையே உருவான மனிதர் ஒரு வெள்ளையனின் மானத்துக்காகப் பொய் சொல்கிறார். அவர் மானத்துக்காக மற்ற ஆறு பேரில் ஒருவரும் ஒரு மெய்யைக்கூடச் சொன்னதில்லை.

அதன்பின் அவரைக் காக்க ஆள் இல்லை. அசிஸ்டென்ட் சர்ஜனாகப் பதவி இறக்கி மாண்டலே பொது மருத்துவமனைக்கு மாற்றுகிறார்கள். ஊ போ சின் கிளப்பில் சேர்ந்துவிடுகிறான். அடிக்கடி வருவதில்லை, தாராளமாகக் குடிக்க வாங்கிக் கொடுக்கிறான், பிரிட்ஜ் நன்றாக ஆடுகிறான் என்று அங்குள்ளவர்களுக்கு அவனைப் பிடித்தும் போகிறது.

உரிமை பற்றிக் கட்டுரையில் ஒன்றும் இல்லாததால் இதையும் சேர்த்துவிடுகிறோம். ஆர்வெல் இறந்தது 1950இல். இந்தியச் சட்டப்படி அறுபது ஆண்டுக் காப்புரிமை 2010 முடிவோடு தீர்ந்தது. அங்கே மொழிபெயர்க்கவோ நடிக்கவோ யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. மற்ற நாடுகளில் கணக்கு வேறாகலாம். ஸ்டைன்பெக் இறந்தது 1968இல். குரூக்ஸை மேடையேற்ற நினைப்பவர்கள் இந்தியாவில் 2028 முடியும்வரை அனுமதி வாங்கியாக வேண்டும்.

கடைசித் துண்டு மாண்டலே. தமிழ் பேச ஆளும் கும்பிடக் கோயிலும் உள்ள ஊர் அது. டாக்டர் சம்பளக் குறைவை ஈடுகட்ட சின்னதாகத் தனி கிளினிக் வைத்திருக்கிறார். மாலையில் இரண்டாந்தரக் கிளப் ஒன்றுக்குப் போகிறார். அந்தக் கிளப்பின் பெருமையே அதில் ஒரு வெள்ளைக்காரர் உறுப்பினர் என்பதுதான். பெயர் மெக்டூகல், கிளாஸ்கோ எலெக்ட்ரீஷியன். குடித்ததற்காக ஐராவதி கப்பல் கம்பெனி துரத்திவிட்ட ஆள். கராஜ் வைத்துப் பிழைக்கிறார். விஸ்கியும் மோட்டாரில் பொறி தட்டும் மேக்னெட்டோவும் தவிர வேறெதிலும் அவருக்கு நாட்டமில்லை. டாக்டர் அநேகமாக ஒவ்வோர் இரவும் அவரிடம் இலக்கியமும் தத்துவமும் பேச முயல்கிறார். இதை வசனமாக விரிக்க ஆசை வரும், வேண்டாம். இரண்டு பிரம்பு நாற்காலியும் அதே இடத்தில் இருக்கட்டும். டாக்டர் வராந்தாவில் பேசிய அதே மேடைத் தமிழில் ஒரு நீண்ட வாக்கியத்தைத் தொடங்கட்டும். மெக்டூகல் நடுவில் மேக்னெட்டோவைப் பற்றி ஏதோ முணுமுணுக்கட்டும். டாக்டர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கட்டும். சபையில் யாராவது சிரித்தால், மெக்டூகலைப் பார்த்துச் சிரிக்கிறார்களா டாக்டரைப் பார்த்துச் சிரிக்கிறார்களா என்று திரைக்குப் பின்னாலிருந்து கவனியுங்கள். டாக்டரைப் பார்த்து என்றால் மூன்றாவது துண்டில் யாரோ கைகூப்பியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
வாசகர் வட்டத்தினர்,
ரங்கூன்.